அக்காவுக்கு வாங்கிய மாத்திரை

எனக்கு ஒரே ஓர் அக்கா. தஞ்சாவூருக்கு வடக்கே, குடமுருட்டிக் கரையில் ஒரு சின்னக் கிராமத்தில் அவள் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தரம், தீபாவளிக்கு, வேட்டி புடவையும் ஒரு கூடைப் பழமுமாக அங்கே போய் இறங்குவது என் வழக்கம். கதை எழுதிப் பிழைக்கிறவன் வருஷம் முழுவதும் பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்துவிட்டு, இரண்டு நாள் வாய்க்கால் தண்ணீரில் காலை நனைப்பதில் உள்ள சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அக்கா கைச் சாம்பாரும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

2022ஆம் வருஷத் தீபாவளிக்குப் போயிருந்தபோது அந்தச் சாம்பார்தான் முதலில் காட்டிக் கொடுத்தது. வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. அத்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டார். அவருக்கு அது புதிது அல்ல என்று தெரிந்தது.

"என்ன அக்கா, வேதாரண்யத்து உப்பளத்தையே கொண்டுவந்து கொட்டிட்டியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு சமையலறை நிலைப்படியில் சாய்ந்தபடியே, "நாக்கிலே ஒண்ணும் தெரியலை, தம்பி. உப்பும் தெரியலை, புளிப்பும் தெரியலை. கை அளவாப் போடறேன்" என்றாள். காய்ச்சல் எதுவும் வந்து போனதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கல்யாணத்தின்போது சவுரி வைக்காமலே இடுப்புக்குக் கீழே புரண்ட பின்னல், இப்போது சுண்டு விரல் கனத்துக்கு இளைத்திருந்தது. கையில் அரிவாள்மணை பட்ட காயம் ஒன்று. மூன்று வாரமாக ஆறவில்லையாம்.

"வயசாச்சு இல்லையா?" என்று அவளே முடித்துவிட்டாள். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது.

மறுநாள் காலையில் அத்தானோடு வயலுக்குப் போனேன். சம்பா நட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தது. அத்தான் வரப்பில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கீழண்டை மூலையில் ஒரு திட்டில் மட்டும் பயிர் நாலு விரல் குட்டையாக நின்றது. சேற்றில் இறங்கிப் போய் ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இலையில் துரு ஏறினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்திருந்தது.

"துத்தநாகம் பத்தலை" என்றார்.

அவ்வளவுதான், வைத்தியர் நாடி பிடித்துச் சொன்ன மாதிரி ஒரே வார்த்தை. தண்ணீர் கட்டியே கிடக்கும் நிலத்தில் இந்தக் குறை அடிக்கடி வருமாம். நடுவதற்கு முன்னால் ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து விசிற வேண்டுமாம். அந்த மூலையில் விசிறின ஆள் ஏமாற்றிவிட்டானாம். போகட்டும், அரை சதவீதம் துத்தநாக சல்பேட்டும் ஒரு சதவீதம் யூரியாவும் தண்ணீரில் கரைத்து இலை மேல் தெளித்தால் பயிர் தேறிவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து மண்வள அட்டையைக் காட்டினார். மண்ணை எடுத்துச் சோதித்து, தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று பன்னிரண்டு வகை அளவு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி, நிலத்துப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்ல விவசாயி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். மெச்சியதற்கு மேல் அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உறைத்தது ரெயிலில். பயிருக்குத் துத்தநாகம் வேண்டுமென்றால் மனுஷருக்கு வேண்டாமா? கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்ததோடு சரி. எனக்குத் தெரிந்த துத்தநாகம் வாளிக்குப் பூசுவதும், செம்போடு உருக்கிப் பித்தளை செய்வதுந்தான். பட்டணம் வந்து சேர்ந்ததும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்கக் கதையைவிடச் சுவாரசியமாக இருந்தது.

ஆனந்த பிரசாத் என்று ஒரு டாக்டர். பீகாரில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1958ல் ஈரான் தேசத்து ஷீராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஒரு நோயாளியைக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்தொன்று, பார்ப்பதற்குப் பத்து வயதுப் பையன். மீசை அரும்பவில்லை, உடம்பில் ரத்தம் இல்லை. தின்பது முழுக் கோதுமை ரொட்டி, போதாததற்குக் களிமண். ரத்தம் இல்லாததற்கு இரும்புச் சத்துக் குறைவு காரணம் என்று சொல்லிவிடலாம். வளராமல் நின்றதற்கு? துத்தநாகமாக இருக்கலாம் என்று பிரசாத் சந்தேகப்பட்டார். பிறகு எகிப்துக்குப் போய் அதே மாதிரிப் பையன்களைச் சோதித்து, 1960களின் தொடக்கத்தில் அந்தச் சந்தேகத்தை நிரூபித்தார். தானியத்தின் மேல்தோலில் பைட்டேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது துத்தநாகத்தைக் கட்டிப் போட்டுவிடுகிறது. குடலில் இறங்க விடுவதில்லை. அதுவரை மனிதனுக்குத் துத்தநாகக் குறை வரவே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூட வேண்டியதாயிற்று. 1974ல் அமெரிக்காவில், தினசரி ஆகாரத்தில் இன்ன இன்னது இவ்வளவு வேண்டும் என்று வகுத்த பட்டியலில் துத்தநாகமும் ஏறியது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. துத்தநாகம் குறைந்தால் நாக்கில் ருசி மந்திக்கும், முடி உதிரும், காயம் ஆற நாளாகும். மூன்றும் அக்காவிடம் இருக்கிறதே! ஒரு மருந்துக் கடைக்குள் நுழைந்து, டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், மாத்திரைக்கு 50 மில்லிகிராம் வீதம் துத்தநாகம் அடங்கிய பெரிய புட்டி ஒன்றை வாங்கி, "தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு" என்று ஒரு கடிதமும் வைத்துக் கூரியரில் அனுப்பினேன். புட்டி தீரத் தீர அனுப்பிக்கொண்டே இருந்தேன். அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி. நாவல் ஒன்று முடிந்தபோதுகூட அவ்வளவு திருப்தி இருந்ததில்லை.

2024ஆம் வருஷம் பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து அத்தான் டெலிபோனில் கூப்பிட்டார். அவர் சாதாரணமாகக் கூப்பிடுகிறவர் அல்ல. "உங்க அக்கா நடக்கத் தடுமாறுறா. பாதத்திலே உணர்ச்சி இல்லைங்கறா. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியலை" என்றார்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சிவப்பு அணுக்களும் குறைவு, வெள்ளை அணுக்களும் குறைவு. இரும்புச் சத்துக் கொடுத்தும் ஏறவில்லை. அங்கே ஒரு பெண் டாக்டர், வயதில் என்னைவிடச் சிறியவர், "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

அக்கா முகம் மலர்ந்தது. பையிலிருந்து என் புட்டியை எடுத்து வைத்தாள். "என் தம்பி அனுப்பறான். மெட்ராஸிலே இருக்கான். கதையெல்லாம் எழுதுவான்."

டாக்டர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினம் எத்தனை?"

"அவன் ஒண்ணுன்னுதான் எழுதியிருந்தான். முடி நிக்கலை பாருங்க, அதனாலே நான்தான் காலையிலே ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு போட்டுக்கிட்டேன். தம்பி அனுப்பினதாச்சே, கெடுதல் பண்ணாதுன்னு..."

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரத்தத்தில் செம்பு பார்த்தார்கள். இருக்க வேண்டியதில் சொற்பந்தான் இருந்தது. பிறகு அந்த டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, கோபித்துக்கொள்ளாமல், பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்வது மாதிரி சொன்னார். துத்தநாகமும் செம்பும் பித்தளைக் குடத்தில்தான் ஒற்றுமை. குடலில் அவை சக்களத்திகள். துத்தநாகம் மிகுதியாக வந்து சேர்ந்தால், குடலின் உட்சுவர் அதைப் பிடித்துவைக்க ஒரு வகைப் புரதத்தை அதிகமாக உண்டாக்குகிறது. அந்தப் புரதத்துக்குச் செம்பின் மேல் பற்றுதல் இன்னும் அதிகம். சோற்றிலும் பருப்பிலும் வருகிற கொஞ்ச நஞ்சச் செம்பையும் அது பிடித்துக்கொள்கிறது. குடலின் உள்தோல் சில நாளைக்கு ஒரு தரம் உதிரும்போது செம்பும் அதோடு போய்விடுகிறது. செம்பு இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது. முதுகுத் தண்டின் நரம்புகளும் கெடும். வில்சன் நோய் என்று, உடம்பில் செம்பு தேங்கி ஈரலைக் கெடுக்கும் வியாதி ஒன்று உண்டு. அதற்குத் துத்தநாகத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அந்த வியாதிக்காரருக்கு அது உயிர் காக்கும் மருந்து. அக்காவுக்கு அந்த வியாதி இல்லை. வைத்தியம் மட்டும் பதினான்கு மாதம் நடந்திருக்கிறது.

"அளவு என்று ஒன்று உண்டு, சார்" என்றார். நம் தேசத்துப் பெண்ணுக்குத் தினம் 13 மில்லிகிராம் சுமாருக்குத் துத்தநாகம் வேண்டும் என்று 2020ல் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு ஒன்றரை மில்லிகிராம் போல அதிகம். அமெரிக்கக் கணக்கில் பெண்ணுக்கு 8 போதும். தானியத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு உடம்பில் ஒட்டுவது குறைவு என்பதால் நமக்கு அதிகம் போட்டிருக்கிறார்கள். உணவும் மாத்திரையும் சேர்ந்து 40க்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கர்கள் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் எல்லை. அக்கா மாத்திரையில் மட்டும் தினம் 100 சாப்பிட்டிருந்தாள். புட்டியைப் படிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. துத்தநாக சல்பேட் 220 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அதில் துத்தநாகம் 50தான். எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

"அப்படியானால் இந்த மாத்திரையே தப்பா?" என்று கேட்டேன்.

"யார் சொன்னது? பேதி கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு பத்து முதல் பதினான்கு நாள் தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் 2004லேயே சொல்லியிருக்கின்றன. நாங்களும் கொடுக்கிறோம். கண்டு பிடித்த குறைக்குக் கணக்காகக் கொடுத்தால் மருந்து. உங்கள் அக்காவுக்கு முடி கொட்டியபோது ரத்தம் பார்த்தீர்களா? தைராய்டு பார்த்தீர்களா? மாதவிடாய் நிற்கிற வயசு. எவ்வளவு ரத்தம் போகிறது என்று யாராவது கேட்டீர்களா?"

பார்க்கவில்லை, கேட்கவில்லை. முடி உதிர இரும்புக் குறைவும் காரணமாகலாம், தைராய்டும் காரணமாகலாம், துத்தநாகமும் காரணமாகலாம். அக்காவுக்கு எது குறைந்திருந்தது என்று இனிமேல் கண்டு பிடிக்க வழியில்லை. நிலத்துக்கு அட்டை இருந்தது. அக்காவுக்கு இல்லை. அத்தானைச் சொல்லி என்ன பிரயோசனம்? அவராவது சோதித்த பிறகு மருந்து தெளிக்கிறவர். நான் சோதிக்காமலே தெளித்தேன்.

அந்த டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை. "தினம் என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். அக்கா அதற்குச் சட்டென்று பதில் சொல்லத் திணறினாள். எத்தனையோ பேருக்கு என்ன பிடிக்கும் என்று ஒப்பிக்கக் கூடியவள். மெல்ல மெல்ல வெளியே வந்தது. காலையில் காப்பி. பதினொரு மணிக்குப் பழையதும் ஊறுகாயும். மத்தியானம் எல்லோரும் எழுந்த பிறகு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்கு மிச்சம் இருப்பது. குழம்பில் தான் இருக்காது, பொரியல் வழித்துப் போட்டாகிவிடும், ரசமோ மோரோதான். வெள்ளிக்கிழமை விரதம், கிருத்திகை விரதம். ராத்திரிக்குத் தோசை சுட்டால், ஆறிப்போன கடைசித் தோசை அவளுடையது.

எங்களுடையது மரக்கறிச் சாப்பாட்டு வீடு. துத்தநாகம் தாராளமாக உள்ள இறைச்சியும் நண்டும் எங்கள் அடுப்பில் ஏறுவதில்லை. ஆனால் இல்லாமலும் போகவில்லை. எள்ளில் 100 கிராமுக்கு ஏழு மில்லிகிராமுக்குக் குறையாது. முந்திரியில் ஐந்துக்கு மேல். கொண்டைக்கடலை, பருப்பு, கேழ்வரகு எல்லாவற்றிலும் இருக்கிறது. கட்டிப் போடும் பைட்டேட்டுக்கும் நம் பாட்டிமார் வழி வைத்திருக்கிறார்கள். ஊற வைப்பது, முளை கட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது, இவை மூன்றும் அதன் பிடியைத் தளர்த்தும். ஷீராஸ் பையனின் புளிக்காத ரொட்டிக்கும் நம் வீட்டு இட்டிலிக்கும் உள்ள வித்தியாசம் அது. சாஸ்திரம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள். அத்தனையையும் செய்து அடுக்கி, பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு, செய்தவள் மட்டும் ரசத்தோடு எழுந்துவிட்டால் எந்தச் சாஸ்திரம் என்ன செய்யும்?

ஊருக்குத் திரும்பியதும் பிரசாத்தின் கதையை மறுபடி, இந்த முறை முழுவதும், படித்தேன். முதல் தடவை நான் தாண்டிப் போன இடம் ஒன்று இருந்தது. ஷீராஸில் பின்னால் நடந்த பரிசோதனை ஒன்று 1972ல் வெளியாயிற்று. அதில் பதினைந்து பேர் ஆண்கள். ராணுவத்தில் சேர வந்து, உடம்பு தேறவில்லை என்று தள்ளப்பட்டவர்கள். அவர்களோடு இரண்டே இரண்டு பெண்கள். பத்தொன்பது வயதும் இருபது வயதும். துத்தநாகம் கொடுத்ததும் அவர்களும் வளர்ந்தார்கள். ஏன் இரண்டே பேர் என்று யோசித்துப் பார்த்தேன். பையன்களை வரிசையில் நிறுத்தி எடை பார்க்க ஒரு ராணுவமாவது இருந்தது. பெண்களை யார் கூப்பிட்டு நிறுத்திப் பார்ப்பது? அந்த ஊர்க் கதை அப்படியோ இல்லையோ, எங்கள் வீட்டுக் கதை அப்படித்தான். அக்கா உப்பை அள்ளிப் போடுகிற வரையில் அவளைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

துத்தநாக மாத்திரையை நிறுத்தி, செம்பு கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் ரத்தம் ஏறிவிட்டது. காலில் உணர்ச்சி முழுவதும் திரும்பவில்லை. இவ்வளவுதான் திரும்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருட்டில் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். கொலுசை மாட்டினால் எந்தக் காலில் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறதாம். இதை என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னாள். என் மேல் அவளுக்குத் துளி வருத்தம் கிடையாது. "நீ நல்லதுக்குத்தானே செய்தே" என்கிறாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

2024 தீபாவளிக்குப் போனபோது அவளையும் எங்களோடு இலை போட்டு உட்கார வைத்தேன். பெரிய ரகளை. "யாருடா பரிமாறறது?" என்றாள். "ஆளுக்கு ஆள் போட்டுக்கொண்டால் போச்சு" என்றேன். உட்கார்ந்தவளுக்கு இலையில் கண் இல்லை. என் இலையில் அப்பளம் இருக்கிறதா, அத்தான் இலையில் குழம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தான் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு கரண்டியை எடுத்து, "பருப்பு இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அவள் இலையில் போட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இருக்க வேண்டும். அக்கா திடுக்கிட்டு அவரைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டாள். சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தது.

கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையைக் கையில் திணித்தாள். "அக்கா, இது நீ சாப்பிடவேண்டியது" என்று பாதியை எடுத்து வேறு டப்பாவில் போட்டு, அவளிடமே கொடுத்து, தினம் ஒன்று தின்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எள்ளுருண்டை தின்கிறாயா, அக்கா?"

"பேரன் வந்திருந்தான், தம்பி. அவனுக்கு அதுன்னா உசிரு" என்றாள்.

அடுத்த முறை என் மனைவி பிடித்துக் கொடுத்த எள்ளுருண்டையைக் கூரியரில் அனுப்பினேன். அத்தான் பெயருக்கு அனுப்பினேன். தினம் ஒன்றை அவள் கையில் கொடுத்து, தின்று முடிக்கிற வரையில் எதிரே நின்று பார்க்க வேண்டும் என்று, வயலைப் பார்க்கிற மாதிரி பார்க்க வேண்டும் என்று, கடிதம் வைத்திருந்தேன். எழுதினபடி செய்கிறார் என்றுதான் தெரிகிறது. "அப்படி நின்னு பார்த்தா எப்படித் தம்பி திங்கறது?" என்று அக்கா டெலிபோனில் குறைப்பட்டுக்கொண்டாள்.